ஒன்றாம் பிளாட்பாரத்து சார்ஜ் போர்டு

ஆனைக்கால்பட்டி ஜங்ஷனில் இன்ஜினைக் கழற்றி ரயிலின் மறுபக்கம் கொண்டுபோய் மாட்டுவார்கள், அதற்கு முப்பத்தைந்து நிமிடம் பிடிக்கும், அந்த முப்பத்தைந்து நிமிடத்தில் ரயிலில் வந்த சனம் மொத்தமும் இறங்கி, தண்ணீர் பிடித்து, இட்லி வாங்கி, ஒன்றாம் பிளாட்பாரத்து சார்ஜ் போர்டில் போனைச் சொருகிவிட்டு, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவரிடம் "கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கையில் இருக்கிற முறுக்குப் பொட்டலத்தைக்கூட அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகாத சனம், போனை விட்டுவிட்டுப் போகும். சுகிர்தாவும் அன்றைக்கு அதைத்தான் செய்தாள்.

அவள் அசட்டை ஆள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் அவளோடு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த ஒருத்தி சொல்லிக் கொடுத்தபடி பழைய சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் புது சிம் போட்டிருந்தாள். போனின் பூட்டு நம்பரை மாற்றியிருந்தாள். போனைத் துணிப்பையில் வைத்து ஜாக்கெட்டுக்குள் ஊக்கு குத்தியிருந்தாள். எதிர் சீட்டுக்காரர்கள் எந்த ஊருக்கு என்று கேட்டதற்குத் திருநெல்வேலி என்று பொய் சொன்னாள். ஆறு வயசு மகள் பெர்சியிடம், யார் கேட்டாலும் பேரைச் சொல்லாதே என்று சொல்லி வைத்திருந்தாள். புருஷன் தவசீலன் நைட் ஷிஃப்ட் முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவான், அதற்குள் ரயில் ஏறிவிட வேண்டும், நாகர்கோவிலில் அண்ணன் இன்பராஜ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. போன தடவை அவன் மாடிப்படியில் இருந்து தள்ளியபோது அவள் பிழைத்தது கர்த்தர் செயல். அடுத்த தடவை கர்த்தருக்கு வேறு ஏதாவது சோலி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்பராஜ் முந்தின நாள் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். "நீ வா தாயி. எதையும் யோசிக்காத. அண்ணன் இருக்கேன்." ரயில் கிளம்பியதில் இருந்து அதையே காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள், பாதி நேரம் பெர்சி வேறு பொம்மை விளையாட்டு விளையாடினாள், இரண்டும் சேர்ந்து போனை மூன்று சதவீத சார்ஜில் கொண்டுவந்து விட்டுவிட்டது. செத்த போனோடு எப்படி அண்ணனைக் கூப்பிடுவது? ஊக்கைக் கழற்றினாள், போனை எடுத்தாள், போர்டில் சொருகினாள், பக்கத்தில் நின்ற கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெண்ணிடம் அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொன்னாள், பெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு இட்லி வாங்கப் போனாள்.

அந்த ஊர் சமாச்சாரம் அவளுக்கு எங்கே தெரியும்! மூன்று வருஷமாக அங்கே இப்படித்தான்: ஒன்றாம் பிளாட்பாரத்துப் போர்டில் எந்தப் போனைச் சொருகினாலும், அதற்குள் இருப்பதையெல்லாம் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிற மிக்சியும் கிரைண்டரும் ஃபேனும் ஃபிரிட்ஜும் வாய்விட்டுச் சொல்லிவிடும். பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்கு அது வெறும் மிக்சி இரைச்சல். வீட்டின் நான்கு சுவருக்குள் நிற்கிறவர்களுக்குத்தான் பேச்சு. அதனால் ரயிலில் வந்துபோகிற ஒருவருக்கும் தெரியாது, ஊரில் தெரியாத ஆள் கிடையாது.

முதல் தடவை அது நடந்தது ஒரு ஆடி மாசத்தில். ஸ்டேஷனை ஒட்டி இட்லிக்கடை வைத்திருக்கிற சீனியம்மாள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மிக்சிக்குள் இருந்து ஒரு ராணுவக்காரர், "கால் போனத இப்போதைக்கு அம்மாட்டச் சொல்லாத" என்றார். ரயில் கிளம்பப் போகிறதே என்று அவள் சட்னியை அரைத்து முடித்து, தாளித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறமாக உட்கார்ந்து அழுதாள். மறுநாள் மின்வாரியத்துக்குப் புகார் போனது, லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரைத் தட்டிப் பார்த்தார், புகார்ப் புத்தகத்தில் "வோல்டேஜ் சரியாக உள்ளது, பேச்சு மட்டும் வருகிறது" என்று எழுதிவிட்டுப் போனார். பூசாரி வந்து விபூதி போட்டார், போதகர் வந்து ஜெபம் பண்ணினார், மிக்சி இரண்டு பேருக்கும் அடங்கவில்லை. பிறகு ஊரே கூடி உட்கார்ந்து ஒரு முறைமை செய்துகொண்டது: ரயில் நிற்கிற நேரத்தில் நிறுத்த முடிந்ததையெல்லாம் நிறுத்திவிட வேண்டும், நிறுத்த முடியாத ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, அப்படியும் காதில் விழுந்தது வாசலைத் தாண்டக் கூடாது. ஒரே ஒருவன் தாண்டினான். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் போனில் கிடந்த பழைய காதல் கடுதாசியை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னான், கல்யாணம் நின்றது, அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஊருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் வீட்டோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை, ஒரு வருஷத்தில் அவனே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். "இங்கே சார்ஜ் போடாதீர்" என்று ஊர்க்காரர்கள் எழுதி வைத்த அட்டையை, பெரிய மனுஷர் திறந்து வைத்த போர்டுக்கு இது என்ன அவமரியாதை என்று ஸ்டேஷனில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அட்டை அங்கே இருந்த நாளிலும் அதை யாரும் வாசித்ததில்லை.

அன்றைக்கு ரயில் இருபது நிமிடம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஊரில் யாரும் எதையும் நிறுத்தியிருக்கவில்லை.

சுகிர்தா இட்லியை இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் கடைக்குப் பின்னால் இருந்து கரண்டியும் கையுமாக ஒரு அம்மாள் ஓடி வந்தாள், போர்டில் தொங்கிய பதினேழு போன்களில் சிவப்பு உறை போட்ட போனை மட்டும் சரியாகப் பிடுங்கினாள்.

"ஏங்க! அது என் போன்! குடுங்க!" என்று சுகிர்தா கத்தினாள்.

அந்த அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு குனிந்து சின்னவளைப் பார்த்தாள். "நீதானா பெர்சி?" என்றாள்.

சுகிர்தா அங்கே ஒருத்தரிடமும் மகள் பேரைச் சொல்லவில்லை. மகளைத் தனக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தவசீலன் அனுப்பி வைத்திருக்கிறான், ஆள் வைத்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள், டெய்லர் கடையில் இருந்து கழுத்தில் டேப் தொங்க ஒரு ஆள் வெளியே வந்தார், அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்தார்கள், பார்த்த பார்வையில் பகை இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உள்ள வா தாயி," என்றாள் சீனியம்மாள். "பயப்படாதன்னு சொல்ல மாட்டேன். பயப்படு. ஆனா உள்ள வந்து பயப்படு."

கடைக்குப் பின்னால் இருந்த சமையல் கட்டில் அவளை முக்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊர் விஷயத்தைச் சீனியம்மாள் நாலு வரியில் சொன்னாள். சுகிர்தா நம்பவில்லை. நம்பாமல் என்ன செய்வது, அந்த அம்மாள் அண்ணனின் குரல் பதிவை வார்த்தை பிசகாமல் சொன்னாள். போட்டோவை மிக்சி எப்படிச் சொல்லும் என்று கேட்பீர்கள். அதில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். இடது தோள், நீலம். இடது தோள், பச்சை. கழுத்து, நாலு விரல். போலீஸில் காட்டலாம் என்று சுகிர்தா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்து வைத்திருந்த இருபத்தாறு போட்டோவையும் முந்நூறு வீட்டில் கேட்டிருக்கிறார்கள், அத்தனை நாள் ஒருத்தருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்த தோளை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"அது கெடக்கட்டும். இன்னொன்னு சொல்லிச்சு," என்றாள் சீனியம்மாள். "நீ இருக்குற எடம், நிமிசத்துக்கொரு தடவ தவசீலனுக்குப் போவுதாம்."

"சிம்மை மாத்திட்டேனே அக்கா!"

"சிம் என்ன செய்யும்? போனை வாங்குனப்போ அதுக்குள்ள மெயில் எல்லாம் போட்டுக் குடுத்தது யாரு?"

தவசீலன்தான். கடையிலேயே நின்று தன் மெயிலைப் போட்டு, தன் விரலை வைத்து, எல்லாம் அவனே செய்து கொடுத்தான். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி, நான் பாத்துக்கிடுதேன் என்றான். அன்றைக்கு அவளுக்கு அது பெரிய பாசமாகப் பட்டது, அண்ணிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாள்.

"மூணு வருசமாக் கேக்கோம் தாயி, எந்தப் போன் எப்படிக் காட்டிக் குடுக்கும்னு இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் அத்துபடி. இந்தச் சனியன ரயில்லயே ஏத்தி விட்டுரு. அது போற எடத்துக்கு அவன் போவட்டும். நீ பஸ்ஸப் பிடிச்சு வேற எங்கயாச்சும் போ."

"முடியாதுக்கா. போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு. அண்ணன் ஸ்டேஷன்ல நிப்பாரு. அவரு வீட்டுக்குள்ள போயிட்டேன்னா அவன் ஒண்ணும் பண்ண முடியாது." சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். ரயில் கிளம்ப இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. ஓடிப் போய்ச் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும், சாயங்காலம் அண்ணன் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் டெய்லர் குருவையா பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். "வெள்ளைக் கார் ஒண்ணு வந்து நிக்கி. திருப்பூர் நம்பர்," என்றார்.

தவசீலனின் குரல் அடுத்த நிமிடமே கேட்டது. சமையல் கட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான். சீனியம்மாள் கடைமுகப்புக்குப் போய் நின்றாள், சுகிர்தா பெர்சியின் வாயைப் பொத்திக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தாள், தன்னுடைய மூச்சே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று அதையும் பாதியாக விட்டாள். அவன் கத்தவில்லை. வெளியாட்களிடம் அவன் ஒருநாளும் கத்தியதில்லை.

"அக்கா, நல்லாருக்கீங்களா? எம் பொண்டாட்டி சின்னப் புள்ளையக் கூட்டிக்கிட்டு இந்த ரயில்ல வந்தா. மனசு கொஞ்சம் சரியில்லாதவ. பாத்தீங்களா?"

"ஆயிரம் பேரு எறங்குதாக தம்பி. நான் இட்லியப் பாப்பேனா, மூஞ்சியப் பாப்பேனா?"

"இங்கதான் இருக்கான்னு காட்டுச்சு. மேப் போட்டே வந்தனா, போன் செத்துப் போச்சு. கார்ல சார்ஜர் வேற வேலை செய்யல. எங்கயாச்சும் சார்ஜ் போட எடம் இருக்காக்கா?"

மூன்று வருஷமாக அந்தப் போர்டுக்கு ஒருவரையும் சீனியம்மாள் கைகாட்டியதில்லை, போகாதே போகாதே என்று தொண்டை வற்றச் சொன்னவள் அவள். இப்போது கரண்டியை நீட்டி, "அந்தா இருக்கு பாருங்க தம்பி, பெரிய போர்டு," என்றாள்.

இதைக் குருவையா கேட்டார். கேட்டவர் பின்வாசல் வழியாக ஓடிப் போய்த் தெருவில் நின்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தார், அந்தச் சத்தத்தில் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரயில் நேரத்தில் எதையெல்லாம் நிறுத்தி வைப்பார்களோ அதையெல்லாம் அன்றைக்குப் போட்டார்கள். மாவில்லாத கிரைண்டரைப் போட்டார்கள், சட்னி இல்லாத மிக்சியைப் போட்டார்கள், ஆள் இல்லாத அறையில் ஃபேனைப் போட்டார்கள், முடிவெட்டுகிற கடையில் சவர மிஷினைப் போட்டார்கள், ரைஸ் மில்லில் நெல் இல்லாமல் மோட்டார் ஓடியது, யாருக்கும் தெரியாமல் கேட்டு யாரிடமும் சொல்லாமல் மூன்று வருஷம் வெட்கப்பட்ட ஊர் அன்றைக்குக் காதை விரித்துக்கொண்டு நின்றது. சீனியம்மாள் உள்ளே வந்து மிக்சியின் திருகை மூன்றில் வைத்தாள்.

முதலில் எழுந்தது உணர்ச்சியே இல்லாத ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. "இன்று காலை ஏழு ஐம்பதுக்குத் தேடியது: ஓடும் ரயிலில் இருந்து தவறி விழுந்தால் விசாரணை எப்படி நடக்கும். ஏழு ஐம்பத்து நாலுக்குத் தேடியது: ரயிலில் இருந்து விழுந்த பெண், தற்கொலை, நிரூபிப்பது எப்படி."

சுகிர்தாவின் கை பெர்சியின் வாயில் இருந்து அவள் காதுக்குப் போனது. பிள்ளை கேட்டாளோ என்னவோ, மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த குரலைக் கேட்டதும் ஒரு கணம் சுகிர்தாவுக்கு மனசு குளிர்ந்தது. அண்ணன் குரல். காலையில் இருந்து காதில் வைத்துக் கேட்ட அதே குரல், அதே அன்பு.

"மாப்ள, நீங்க ஏன் கெடந்து பதறுதீங்க? அவ நேரா எங்கிட்டத்தான் வாரா. நான்தான வரச் சொன்னேன். வந்த ஒடனே போனை வாங்கி வச்சிட்டு மாடி ரூம்ல போட்டுப் பூட்டிருதேன். நீங்க மெதுவா வாங்க. சபையில நாலு பேரு முன்னால என் மானம் போவக் கூடாது, அவ்வளவுதான். புள்ளைய நாங்க வளத்துக்கிடுதோம்."

தவசீலன் குரல் அதற்குப் பதில் சொன்னது. "நடுவழியில எறங்கிட்டா என்ன செய்வ மச்சான்? நான் கெளம்பி வாரேன்."

சீனியம்மாள் மிக்சியை நிறுத்தினாள். சுகிர்தா அழவில்லை. அழுதால் சத்தம் வரும். அண்ணன் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன், காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவன், புள்ளைய நாங்க வளத்துக்கிடுதோம் என்கிறான். அவளை என்ன செய்வதாக உத்தேசம் என்று அவன் கேட்கக்கூட இல்லை.

சிவப்பு உறை போட்ட போனை எடுத்துக் குருவையாவிடம் நீட்டினாள். அவர் வாங்கப் போனபோது விட மனசு வரவில்லை. "இருபத்தாறு போட்டோ," என்றாள்.

"முந்நூறு வீட்டுல கேட்ருக்கோம் தாயி," என்றார் குருவையா. "எந்தக் கோர்ட்டுலயும் வந்து தேதி வாரியாச் சொல்லுவோம்."

கோர்ட்டில் மிக்சி சொன்னதை யார் எடுத்துக்கொள்வார்கள்? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னார். அவள் போனை விட்டாள்.

தண்டவாளப் பக்கமாகவே சுற்றிப் போய், அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறி, அவள் உட்கார்ந்து வந்த சீட்டுக்கு அடியில் போனை வைத்துவிட்டு அவர் இறங்கியதும் சிக்னல் விழுந்தது. தவசீலன் போர்டுக்குப் பக்கத்தில் நின்று உயிர் வந்த தன் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், பத்தடி தூரத்தில் இருக்கிறாள் என்று அது காட்டியது, கழுத்தை நீட்டி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். ரயில் நகர்ந்தது. அவன் போனில் புள்ளியும் நகர்ந்தது. சார்ஜரைக்கூடப் பிடுங்காமல் போனை மட்டும் இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினான், ஓடுகிற ஓட்டத்திலும் சீனியம்மாளைப் பார்த்து, "வாரேன்க்கா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தகரத்தின் ஓட்டை வழியாகச் சுகிர்தா பார்த்தாள். வீட்டில் அடித்து முடித்த பிறகு சோறு போடச் சொல்லும்போது அப்படித்தான் சிரிப்பான்.

"நாலு ஸ்டேஷன் போறதுக்குள்ள ரயிலப் பிடிச்சிருவான். ஒனக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கு," என்றாள் சீனியம்மாள். "யாரையாச்சும் கூப்பிடணும்னா எங்கடைப் போன்ல கூப்பிடு. நம்பர் மனப்பாடமாத் தெரியுமா?"

சுகிர்தா யோசித்துப் பார்த்தாள். செக்கிங் வேலைத் தோழியின் நம்பர் போனில்தான் இருந்தது. பெண்களுக்கு உதவுகிற அமைப்பின் நம்பரும் அதில்தான். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது இன்பராஜ் அண்ணனுடையது. இல்லை என்று தலையாட்டினாள்.

"சரி. அப்ப போற எடத்தையாவது..." என்று குருவையா தொடங்கினார்.

"வாய மூடும்!" என்றாள் சீனியம்மாள். "எங்க போறேன்னு எங்கிட்டச் சொல்லாத தாயி. இவருட்டயும் சொல்லாத. எங்க போனும் ஒருநா இல்லன்னா ஒருநா எதுலயாவது சொருகத்தான செய்வோம். தெரியாதத எந்த மிக்சியும் சொல்லாது."

ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் ஸ்டாண்ட். அங்கே நாலு பஸ் நாலு பக்கமும் முகத்தை வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தன. உச்சி வெயில். சுகிர்தா பெர்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள், யாராவது ஓடி வந்து தோளைப் பிடித்துவிடுவார்கள் என்று முதுகு முழுக்கப் பயமாக இருந்தது. அவள் தெருவில் இறங்கியதும் பூக்கடைக்காரி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஜூஸ் கடைக்காரர் திரும்பினார். முடிவெட்டுகிறவர், வெட்டிக்கொண்டிருந்த தலையையும் சேர்த்துத் திருப்பினார். வாசல்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக முதுகைக் காட்டினார்கள், ஆட்டோக்காரர்கள் ஆட்டோவுக்குள் குனிந்துகொண்டார்கள், பஸ் ஸ்டாண்டுப் போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மேற்கே திரும்பினார். முந்நூறு வீட்டு ஊர் மொத்தமும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, அந்த முதுகுகளுக்கு நடுவில் அவள் பிள்ளையோடு நடந்தாள்.

"மாமா வீட்டுக்குத்தானம்மா போறோம்?" என்றாள் பெர்சி.

"இல்ல," என்றாள் சுகிர்தா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இருந்த தெம்பெல்லாம் தேவைப்பட்டது.

பிறகு ஒரு பஸ்ஸில் ஏறினாள். எந்தப் பஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை. தவசீலனுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும்.